கணினிகளுக்கு இடையே சுவர்

ஒரு வீட்டில் வாழ்வோர் அனைவரும் ஒரே குடும்பத்தினர்தாம். ஆயினும் அவ்வீட்டில் கூடம் வேறு, அடுக்களை வேறு, பணமும் பத்திரமும் வைக்கும் அறை வேறு. வந்த விருந்தினரைக் கூடத்தில் அமர்த்தி உபசரிக்கின்றோம். பெட்டகம் இருக்கும் அறைக்கு அழைத்துச் செல்வதில்லை. அதனால் விருந்தினர்மேல் நமக்கு ஐயம் என்று எவரும் சொல்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் ஒன்று உண்டு என்பதே அதன் பொருள். இந்த எளிய உண்மையை இன்று ஒரு புதிய துறைக்குப் பொருத்திக் காட்ட விரும்புகிறேன். பள்ளிக்கூடத்தில் உள்ள கணினிகளை எவ்வாறு குழுக் குழுவாகப் பிரித்துக் காப்பது, அவ்வாறு பிரிப்பது ஏன் வேண்டும் என்பதே இப்பேச்சின் பொருள்.

நான் கணினிப் பொறியாளன் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்று, வகுப்பறையிலும் பின்னர்த் தலைமையாசிரியர் நாற்காலியிலும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன். ஆயினும் ஆசிரியனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரியாததை அறிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான். தெரிந்துகொண்டதை மற்றவருக்கு விளங்கச் சொல்லாமல் அவனால் இருக்க முடியாது. அந்தப் பழக்கமே என்னை இப்பொருளுக்கு இழுத்து வந்தது.

முதலில் ஒரு பள்ளியை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். அதன் அலுவலகத்தில் ஆறு கணினிகள் உள்ளன. கட்டணக் கணக்கு, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பதிவேடு, ஆசிரியர் சம்பளப் பட்டியல் ஆகியவை அவற்றில் இருக்கின்றன. ஆசிரியர் அறையில் பன்னிரண்டு கணினிகள். மாணவர்கள் பயிலும் கணினிக் கூடத்தில் நாற்பது. வாயிலிலும் தாழ்வாரங்களிலும் பதினாறு கண்காணிப்புக் கேமராக்கள். இவை போதாவென்று, பெற்றோர் கூட்டத்துக்கும் விழாக்களுக்கும் வருவோர் தம் கைப்பேசிகளோடு வந்து, "வைஃபை உண்டா?" என்று கேட்கின்றனர். இத்தனையும் ஒரே கம்பிவடத்தொகுதியில் இணைந்து, ஒரே வழியாக இணையத்துக்குச் செல்கின்றன. தனித்தனியாகப் பிரிக்காவிட்டால் என்ன நேரும் என்பதை அறிய வேண்டுமானால், இணைக்கப்பட்ட கணினிகள் எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1973 ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பாலோ ஆல்டோ நகரத்தில் இருந்த ஜெராக்ஸ் நிறுவனத்து ஆராய்ச்சிக் கூடத்தில், ராபர்ட் மெட்காஃப் என்பவர் ஈதர்நெட் என்னும் முறைக்கு வித்திட்டார். டேவிட் பாக்ஸ் என்னும் அறிஞர் அவருக்குத் துணை நின்றார். அக்காலத்து ஈதர்நெட்டில் ஒரே தடித்த கம்பிவடம் கட்டடம் முழுவதும் ஓடும். எல்லாக் கணினிகளும் அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று பேசினால் எல்லாவற்றின் செவியிலும் அது விழும். தனக்குரியது அல்லாததைக் கேளாதது போல் விட்டுவிடுவது ஒவ்வொரு கணினியின் நாகரிகத்தைப் பொறுத்தது!

இன்று அக்கம்பியின் இடத்தில் ஸ்விட்ச் என்னும் இணைப்புப் பெட்டி வந்துவிட்டது. ஈதர்நெட்டில் பிணைக்கப்படும் ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட்டு நீளமுள்ள ஓர் அடையாள எண் உண்டு. எந்தத் துளையில் எந்த எண்ணுடைய கருவி இருக்கிறது என்பதை ஸ்விட்ச் தானே கற்றுக்கொண்டு, அஞ்சற்காரர் வீடறிந்து கடிதம் கொடுப்பதுபோல், செய்தியை உரிய துளைக்கே அனுப்புகிறது. இது பெரிய முன்னேற்றமே. ஆயினும், எல்லாருக்குமாகக் கூவிச் சொல்லும் அறிவிப்புகளை அது தடுப்பதில்லை. "இந்த முகவரிக்கு உரியவர் யார்?" என்று ஒரு கணினி கேட்டால், அக்கேள்வி எல்லாத் துளைகளுக்கும் செல்கிறது. 1982 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இம்முறையில், "நான்தான்" என்று விடை சொல்பவர் உண்மையில் உரியவர்தாமா என்று சோதிக்கும் ஏற்பாடு இல்லை. ஒருவரையொருவர் நம்பிய ஆராய்ச்சியாளர்களிடையே பிறந்த முறை அது. ஆயிரம் பேர் புழங்கும் பள்ளியில் அந்த நம்பிக்கையை மட்டும் கொண்டு காலம் தள்ள இயலாது.

ஆகவே, பிரிக்கப்படாத வலையமைப்பு என்பது சுவரில்லாத ஒரு பெருங்கூடம். அங்கே மூன்று தீமைகள் உண்டு. கூச்சல் மிகும், ஒருவர் மற்றொருவராக நடிக்கலாம், ஒருவருக்கு வந்த நோய் எல்லாரையும் தொற்றலாம். இம்மூன்றில் கொடியது மூன்றாவது.

இதற்கு வரலாற்றிலிருந்து சில சான்றுகள் காட்டுவேன். 1988 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள், ராபர்ட் மோரிஸ் என்னும் கல்லூரி மாணவர் எழுதிய நிரல் ஒன்று அன்றைய இணையத்தில் விடப்பட்டது. அது ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே தாவிச் சென்றது. அக்காலத்தில் இணையத்தோடு இணைந்திருந்தவை ஏறத்தாழ 60,000 கணினிகள். அவற்றுள் சுமார் 6,000 பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டனர்.

2017 ஆம் ஆண்டு மே 12 ஆம் நாள் பரவிய வான்னாக்ரை என்னும் நிரல் இதைவிடக் கொடியது. அது கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. அது ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குச் செல்ல, எவரும் எதையும் தொட வேண்டியதில்லை. கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படும் 445 என்னும் எண்ணுடைய வாயில் திறந்திருந்து, அக்கணினியும் செப்பனிடப்படாமல் இருந்தால் போதும். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அக்குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது சான்று பிரிவினையின் அருமையை நேராகவே காட்டுவது. 2013 ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் டார்கெட் என்னும் பெரிய அங்காடி நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 4 கோடி வாடிக்கையாளர்களின் வங்கி அட்டை விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் பணப்பெட்டியின் வழியாக நுழையவில்லை. குளிர்சாதனப் பணிகளைச் செய்துவந்த ஒப்பந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்த கடவுச்சொல்லைக் கொண்டு நுழைந்து, அங்கிருந்து மெல்ல மெல்லப் பணப்பெட்டிகளை அடைந்தனர். கொல்லைப்புறத்து வேலைக்கு வந்தவரின் சாவி, பெட்டக அறை வரை வழிவிட்டது! இடையில் வலுவான சுவர்கள் இருந்திருந்தால் இத்திருட்டு இவ்வளவு எளிதாக நிறைவேறியிராது.

பள்ளிகளைத் திருடர்கள் நாடமாட்டார்கள் என்று எண்ண வேண்டா. 2022 ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளி நிர்வாகமாகிய லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் இத்தகைய தாக்குதலுக்கு ஆளாயிற்று. பணம் தர அந்நிர்வாகம் மறுத்தது. திருடர்கள் தாங்கள் எடுத்த கோப்புகளை அடுத்த மாதம் வெளியிட்டுவிட்டனர்.

இனி, சுவர் எழுப்பும் முறையைப் பார்ப்போம். பழைய முறை எளியது. ஆனால் செலவு மிக்கது. அலுவலகத்துக்கு ஒரு ஸ்விட்ச், கூடத்துக்கு ஒரு ஸ்விட்ச், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்பிவடம் என்று அமைப்பது அது. ஒரே மாடியில் அலுவலகமும் ஆசிரியர் அறையும் கேமராவும் அடுத்தடுத்து இருந்தால், மூன்று பெட்டிகளும் மூன்று வடங்களும் வேண்டியிருக்கும். எத்தனை பள்ளிகளுக்கு இது இயலும்?

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க வந்ததே வீலேன் என்னும் முறை. ஒரே பெட்டியை, கண்ணுக்குத் தெரியாத சுவர்களால் பல பெட்டிகளாகப் பிரித்துக்கொள்வது இது. ஐ.இ.இ.இ. என்னும் உலகப் பொறியாளர் சங்கம் 1998 ஆம் ஆண்டில் 802.1கியூ என்னும் பெயரால் இதற்கு ஒரு பொது விதியை வெளியிட்டது. அவ்விதியின் சாரம் இதுதான்: செல்லும் ஒவ்வொரு செய்தியின்மீதும் நான்கு பைட்டு அளவுள்ள சிறு சீட்டு ஒன்று ஒட்டப்படுகிறது. அச்சீட்டில் 12 பிட்டுகள் குழு எண்ணுக்காக ஒதுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பிட்டும் இரண்டு நிலைகளில் ஒன்றாக இருக்கலாம். ஆகவே இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 4,096 வரும். முதல் எண்ணும் கடைசி எண்ணும் வேறு காரியங்களுக்கு ஒதுக்கப்பட்டவை; எஞ்சிய 4,094 குழுக்களை அமைக்கலாம். ஒரு பள்ளிக்கு ஆறே போதும்!

இரயில் நிலையத்தில் மூட்டைகளின்மீது ஊர்ப்பெயர் எழுதிய சீட்டை ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே வண்டியில் பல ஊர் மூட்டைகள் ஏறினாலும், விழுப்புரத்து மூட்டை விழுப்புரத்திலும் திருச்சி மூட்டை திருச்சியிலும் இறங்குகின்றன. அதுபோலவே, இரண்டு ஸ்விட்சுகளை இணைக்கும் ஒரே வடத்தில் எல்லாக் குழுக்களின் செய்திகளும் சீட்டோடு செல்கின்றன. இவ்வடத்தை டிரங்க் என்பர். கணினி பொருத்தப்படும் துளையோ ஒரே குழுவுக்கு உரியது. அங்கே சீட்டு நீக்கப்பட்டே செய்தி கணினியை அடைகிறது. தான் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பதே அக்கணினிக்குத் தெரிய வேண்டியதில்லை. 10 என்னும் குழுவில் எழும் கூவல் 10 ஆம் குழுவின் துளைகளில் மட்டுமே கேட்கும். 30 ஆம் குழுவுக்கு எட்டாது. ஒன்றைமட்டும் நினைவிற் கொள்ளுங்கள். விலை குறைந்த சாதாரண ஸ்விட்சில் குழுக்களை அமைக்க இயலாது. அமைப்பை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

நம் கற்பனைப் பள்ளியில் அலுவலகத்துக்கு 10, ஆசிரியர்க்கு 20, மாணவர் கூடத்துக்கு 30, கேமராக்களுக்கு 40, விருந்தினர்க்கு 50 என்று எண் கொடுப்போம். ஸ்விட்சுகளையும் மற்றப் பெட்டிகளையும் நிர்வகிப்பவர் மட்டும் புழங்குவதற்கு 99 என்று ஆறாவதொரு குழுவும் வைப்போம். ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தெரு போல ஒரு முகவரித் தொகுதியும் வேண்டும். நிறுவனங்கள் தமக்குள்ளே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சில முகவரித் தொகுதிகளை இணையப் பொறியாளர்கள் 1996 ஆம் ஆண்டின் விதிப்படி ஒதுக்கியிருக்கின்றனர். 10 என்று தொடங்குவனவும் 192.168 என்று தொடங்குவனவும் அவற்றுள் அடங்கும். நாம் அலுவலகத்துக்கு 10.1.10 என்றும், கூடத்துக்கு 10.1.30 என்றும் தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கலாம். நான்காவது எண் 0 முதல் 255 வரை, ஆக 256. முதலும் கடைசியும் தனிப்பணிக்கு உரியவை. எஞ்சியவை 254. நாற்பது கணினிகளுக்கு இது தாராளமாகப் போதும். முகவரியைக் கண்டவுடனே, "இது கூடத்துக் கணினி" என்று சொல்லிவிடலாம் என்பது இதன் மற்றொரு நன்மை.

சுவர் எழுப்பிவிட்டோம். வேலை முடிந்ததா? இல்லை. சுவரில் கதவு வேண்டும் அன்றோ? ஆசிரியர் தம் அறையிலிருந்தே மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எல்லாரும் இணையத்துக்குச் செல்ல வேண்டும். ஒரு குழுவிலிருந்து மற்றொரு குழுவுக்கு வழிவிடும் கருவி ரவுட்டர் எனப்படும். எவருக்கு வழிவிடலாம், எவருக்குக் கூடாது என்று ஆராய்ந்து விடும் காவல், பயர்வால் எனப்படும். ரவுட்டரைமட்டும் வைத்துக் காவலை வைக்காவிட்டால், எழுப்பிய சுவர்கள் அத்தனையும் வீணே.

1912 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 ஆம் நாள் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் கதை இதற்குத் தக்க பாடம். அக்கப்பலின் அடிப்பகுதி நீர்புகாத தடுப்புகளால் பதினாறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முன்புறத்து நான்கு அறைகளில் நீர் நிறைந்தாலும் கப்பல் மிதக்கும். ஆனால் பனிப்பாறை மோதியபோது அதனினும் மிகுதியான அறைகளில் நீர் புகுந்தது. தடுப்புகள் போதிய உயரத்துக்கு எழுப்பப்படவில்லை. முன்புறம் தாழத் தாழ, ஓர் அறையில் நிறைந்த நீர் தடுப்பின் மேல்வழியாக அடுத்த அறைக்கு வழிந்தது. பக்கச்சுவர் வலுவாக இருந்தும், மேலே திறந்திருந்ததால் பயன் குன்றிற்று. குழுக்களைப் பிரித்துவிட்டு, ரவுட்டரில், "எல்லாரும் எங்கும் செல்லலாம்" என்று எழுதிவைக்கும் பள்ளியின் நிலையும் இதுவே.

ஆகவே காவலுக்கு எழுத்துமூலமான கட்டளை வேண்டும். ஆறு குழுக்கள் இருந்தால், ஒவ்வொன்றும் மற்ற ஐந்தை நோக்கிச் செல்லக்கூடும். ஆக 30 வழிகள். அவற்றுள் எவை தேவை என்று ஆராய்வோம். ஆசிரியர் குழுவிலிருந்து அலுவலகத்து மதிப்பெண் பதிவேட்டுக் கணினிக்கு ஒரு வழி. அதுவும் 443 என்னும் ஒரே வாயிலுக்கு மட்டும். வகுப்பு நடத்த ஆசிரியர் குழுவிலிருந்து மாணவர் கூடத்துக்கு ஒரு வழி. பதிவான காட்சிகளைப் பார்க்க அலுவலகத்திலிருந்து கேமராக் குழுவுக்கு ஒரு வழி. நிர்வாகக் குழுவிலிருந்து மற்ற ஐந்துக்கும் ஐந்து வழிகள். கூட்டிப் பாருங்கள், எட்டுதான். எஞ்சிய 22 வழிகள் எவருக்கும் தேவையில்லை. தேவையில்லாத கதவு மூடியிருக்க வேண்டிய கதவு.

இணையத்துக்கும் இவ்வாறே கட்டளை எழுத வேண்டும். அலுவலகமும் ஆசிரியரும் மாணவரும் விருந்தினரும் இணையத்துக்குச் செல்லலாம். விருந்தினருக்கு இணையம் தவிர வேறு எதுவும் இல்லை. கேமராக்கள் தம் குழுவிலேயே உள்ள பதிவுக் கருவியோடுமட்டும் பேசினால் போதும். அவை இணையத்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. கடைசி வரியாக, "மேலே அனுமதிக்கப்படாத யாவும் மறுக்கப்படும்" என்று எழுத வேண்டும். கட்டளைகளுள் தலையாயது இக்கடைசி வரியே. கேட்டவருக்கு விடை திரும்பி வரலாம். கேளாத விடையோ உள்ளே வரலாகாது என்பதையும் இன்றைய பயர்வால்கள் நினைவில் வைத்துக் காக்கின்றன. ஒவ்வொருவருக்கும் அவர் கடமைக்கு வேண்டிய அளவு உரிமையே தரவேண்டும் என்னும் இக்கொள்கையை, சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் இரு அறிஞர்கள் 1975 ஆம் ஆண்டிலேயே தெளிவுற எழுதினர்.

வைஃபையும் இவ்விதிக்கு உட்பட்டதே. ஒரே வைஃபைப் பெட்டி, ஆசிரியர்க்கு ஒரு பெயரும் விருந்தினர்க்கு மற்றொரு பெயரும் காட்ட வல்லது. ஒவ்வொரு பெயரையும் உரிய குழு எண்ணோடு பிணைத்துவிட்டால் போதும். ஆனால் ஆசிரியர் அனைவருக்கும் ஒரே கடவுச்சொல் இருந்தால், அது நாளடைவில் கூடத்துக் கரும்பலகை வரை வந்துவிடும்! ஒவ்வொருவருக்கும் தனிப்பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கேட்கும் 802.1எக்ஸ் என்னும் முறை இதற்கு மருந்து. ஓர் ஆசிரியர் மாறுதலாகிச் சென்றால் அவர் பெயரைமட்டும் நீக்கினால் போதும். மற்றவர்க்கு இடையூறு இல்லை.

இத்தனையும் செய்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை என்று நான் சொல்லமாட்டேன். சுவர், ஒரு குழுவுக்கும் மற்றொரு குழுவுக்கும் இடையிலேதான் நிற்கிறது. கூடத்து நாற்பது கணினிகளுள் ஒன்றில் வந்த நோய் மற்ற முப்பத்தொன்பதைத் தொற்றுவதை அது தானாகத் தடுக்காது. அலுவலக ஊழியர் ஒருவர், வஞ்சக மின்னஞ்சலை நம்பித் தம் கடவுச்சொல்லைத் தாமே கொடுத்துவிட்டால், சுவர் என் செய்யும்? ஆதலால், திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றல், நீண்ட கடவுச்சொல் வைத்தல், முக்கியமான கோப்புகளுக்கு மூன்று படிகள் வைத்து அவற்றுள் ஒன்றைப் பள்ளிக்கு வெளியே காத்தல் ஆகிய கடமைகள் என்றும் உள்ளவை. பயன்படாத துளைகளை மூடிவைக்க வேண்டும். இரவுக் காவலர் ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்ப்பதுபோல், பொறுப்பாசிரியரும் கூடத்துக் கணினியிலிருந்து அலுவலகத்துக்கு வழி கிடைக்கிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும். கிடைக்கவில்லை என்பதே அச்சோதனையில் வெற்றி!

இங்கே ஒரு கேள்வி எழலாம். பள்ளியில் அப்படி மறைக்க என்ன இருக்கிறது? நான் தலைமையாசிரியனாக இருந்த நாட்களில், என் அறையில் ஓர் இரும்புப் பீரோ இருந்தது. அதில் பணம் இல்லை. சில பதிவேடுகளே இருந்தன. எந்தப் பிள்ளையின் தந்தை கட்டணம் செலுத்த இயலாமல் சலுகை கேட்டார், எந்தப் பிள்ளைக்கு வலிப்பு நோய் உண்டு, எந்தப் பெண்ணின் தாய், "இவர் வந்து கேட்டால் குழந்தையை அனுப்பாதீர்கள்" என்று எழுதிக் கொடுத்தார் என்பன அவற்றில் இருந்தன. அப்பீரோவின் சாவியை என் இடுப்பிலிருந்து நான் பிரித்ததில்லை. ஒரு மாணவனின் வறுமை மற்ற மாணவர்களின் வாயில் விளையாட்டுப் பொருளானால், அவன் மறுநாள் பள்ளிக்கு வருவானா? வந்தாலும் தலை நிமிர்வானா? இன்று அப்பதிவேடுகள் கணினிக்குள் சென்றுவிட்டன. பீரோ போய்விட்டது; சாவியின் பொறுப்பு போகவில்லை. 2023 ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரைக் குழந்தையென்றே கொண்டு, அவர்தம் விவரங்களுக்குத் தனிக்காவல் விதித்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நடந்ததையும் சொல்கிறேன். அங்கே அலுவலகமும் கூடமும் பிரிக்கப்படாமல் இருந்தன. வெளியிலிருந்து வந்த ஒரு பென் டிரைவின் வழியாகக் கூடத்துக் கணினி ஒன்றில் நச்சு நிரல் புகுந்தது. மறுநாள் காலையில் அலுவலகத்துக் கோப்புகளும் திறக்கவில்லை. அரையாண்டுத் தேர்வின் வினாத்தாள்களைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. அதன்பின் அப்பள்ளியார் செய்தது என்ன தெரியுமா? கூடத்தைப் பூட்டினார்கள். திரும்பத் திறந்தபோதும், "இதைத் தொடாதே, அதைத் திறக்காதே" என்னும் தடைகள் சுவரெங்கும் தொங்கின. நிரல் எழுதிப் பார்க்க விரும்பிய பிள்ளைகளுக்கு அது பெரிய இழப்பு. வினாத்தாளைத் திரும்ப எழுதிவிடலாம். ஒரு மாணவனின் ஆவல் அணைந்துவிட்டால் அதைத் திரும்ப ஏற்றுவது எளிதன்று.

மாணவ நண்பர்களே, இப்பேச்சில் நான் வற்புறுத்த விரும்புவது இதுவே. உங்கள் கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையே சுவர் எழுப்புவது உங்கள்மேல் கொண்ட ஐயத்தால் அன்று. வேதியியல் ஆய்வுக்கூடத்தைத் தனியாகக் கட்டுகிறோம். ஏன்? அங்கே நீங்கள் அச்சமின்றிச் சோதனை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான். கையில் ஒரு குழாய் உடைந்தாலும் பள்ளி முழுவதும் தீப்பற்றாது என்னும் துணிவு இருந்தால்தான், ஆசிரியர் உங்கள் கையில் அமிலத்தைக் கொடுப்பார். கணினிக் கூடமும் அத்தகையதே. அங்கே நீங்கள் தவறு செய்யலாம், திருத்தலாம், ஒரு கணினியை முற்றும் அழித்து மறுபடி நிறுவிப் பார்க்கலாம். அத்தவறு அடுத்த அறையில் இருக்கும் ஒரு பிள்ளையின் சான்றிதழைத் தீண்டாது. நல்ல சுவர், இருபுறத்தாருக்கும் உரிமை தருகிறது.

அச்சுவரைத் தாண்டிப் பார்த்தால் என்ன என்னும் எண்ணம் உங்களுள் சிலருக்கு எழக்கூடும். அறிவுள்ள இளைஞர்க்கு அது இயல்பு. ஆனால் உரிமையின்றிப் பிறர் கணினியில் நுழைவது விளையாட்டன்று. 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி, தீய எண்ணத்தோடு அதைச் செய்வோருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். சுவரில் விரிசல் ஒன்றைக் கண்டால், அதன்வழியே நுழைந்து காட்டுவதைவிட, ஆசிரியரிடம் சென்று, "ஐயா, இங்கே விரிசல் இருக்கிறது" என்று சொல்பவனே பெரிய அறிவாளி. உலகெங்கும் பெருநிறுவனங்கள், தம் அனுமதியோடு இவ்வாறு குறை கண்டு சொல்வோருக்குப் பரிசளித்து வருகின்றன.

இதை நீங்களே பழகிப் பார்க்கலாம். ஒரு தாளை எடுத்து உங்கள் பள்ளியின் கணினிகளையும் கருவிகளையும் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இதை யார் பயன்படுத்துகிறார்? இதற்கு எதனோடு பேச வேண்டிய தேவை இருக்கிறது? இது கெட்டால் யாருக்குத் தீங்கு? ஒரே வகை விடை வந்தவற்றை ஒரு வட்டத்துள் அடக்குங்கள். அவ்வட்டங்களே குழுக்கள். வீட்டிலும் இதைச் செய்யலாம். இன்று வீடுகளில் உள்ள ரவுட்டர்கள் பலவற்றில் விருந்தினர்க்கெனத் தனிப்பெயர் வைக்கும் வசதி உண்டு. வருவோரின் கைப்பேசிகளையும், இணையத்தோடு இணையும் தொலைக்காட்சியையும் அதில் சேர்த்துவிட்டு, தந்தையார் வங்கிக் கணக்குப் பார்க்கும் கணினியைத் தனியே வையுங்கள்.

திருக்குறளில் அரண் என்று ஓர் அதிகாரமே இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மதில் எத்துணைச் சிறப்புடையதாயினும், அதைக் காப்போர் செயல்திறன் அற்றவராயின் பயனில்லை என்னும் கருத்தோடுதான் அவ்வதிகாரம் முடிகிறது. ஸ்விட்சும் ரவுட்டரும் பயர்வாலும் இன்றைய மதில்கள். அவற்றை எண்ணிப் பார்த்து அமைப்பவரும், இழுத்துப் பார்த்துச் சோதிப்பவரும், எல்லையை மதித்து நடப்பவரும் மனிதரே. உங்களுள் சிலர் நாளை ஒரு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ இத்தகைய சுவரைக் கட்டப்போகிறவர்கள். கட்டும்போது, அச்சுவருக்கு அப்பால் பெயர் தெரியாத ஒரு குழந்தையின் பதிவேடு இருக்கிறது என்பதைமட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.